பதவி ஆசை பிடித்தவள்

நான் வேலை பார்த்த வங்கியின் பழைய கோப்பு ஒன்றில் என் கையெழுத்தில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று 2001இல் எழுதியது, இன்னொன்று 2005இல். இரண்டிலும் ஒரே வாசகம்தான்: 'சொந்தக் காரணங்களால் எனக்குப் பதவி உயர்வு வேண்டாம்.' யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இரண்டு முறையும் தேர்வு எழுதி, தேறி, பட்டியலில் பெயர் வந்த பிறகு நானே தாள் வாங்கி, நானே எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வங்கியில் கிளார்க்காக இருப்பவர் அதிகாரி ஆனால் ஊர் மாற வேண்டும். என் கணவருக்கு சேலத்தில் பள்ளி வேலை. வீட்டில் மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள். என்னோடு அதே பட்டியலில் இருந்த ஆண் நண்பருக்கும் அதே வயதில் இரண்டு பிள்ளைகள். அவர் ஒடிசாவுக்குப் போனார். கிளையில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். 'பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. என் கடிதத்தை வாங்கிய மேலாளர், "நல்ல முடிவு மேடம், குடும்பம்தான் முக்கியம்" என்றார். வீட்டில் மாமியார், "எங்களை நினைச்சுப் பாத்தியே கண்ணு, அது போதும்" என்று என் தலையைத் தடவினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதிகாரியாகியிருந்தால் கிடைத்திருக்க வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது அந்தப் பெருமைதான்.

அந்தப் பெருமையைத்தான் இந்தக் கட்டுரையில் சந்தேகப்படப் போகிறேன்.

நம் ஊரில் வேலை பார்க்கும் பெண்ணுக்கென்று இரண்டு சொற்கள் தயாராக வைத்திருக்கிறார்கள். இருந்த இடத்திலேயே இருந்து உழைத்தால் 'சேவை மனப்பான்மை உள்ளவர்'. அங்கிருந்து ஒரு படி ஏறப் பார்த்தால் 'பதவி ஆசை பிடித்தவள்'. முதலாவதில் 'உள்ளவர்' என்ற மரியாதை இருப்பதையும், இரண்டாவதில் அது போய்விடுவதையும் கவனியுங்கள். ஆணுக்கு இந்த இரண்டாவது சொல்லே கிடையாது. அரசியலில் இருப்பவரைத் தவிர வேறு எந்த ஆணையும் பதவி ஆசை பிடித்தவன் என்று நான் கேட்டதில்லை. அவனுக்கு இருப்பது லட்சியம்.

சேவை என்ற சொல் எவ்வளவு மலிவாக ஆள் பிடிக்கிறது என்று பார்க்க அங்கன்வாடிக்குப் போனால் போதும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975இல். ஊரிலுள்ள குழந்தைகளுக்குச் சோறு, எடை, தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிகளின் பதிவேடு, இவற்றோடு தேர்தல் வேலை வரை அந்தப் பெண்கள் தலையில்தான். ஆனால் காகிதத்தில் அவர்கள் 'கௌரவப் பணியாளர்கள்'. வாங்குவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். அவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் ஆனது. நாற்பத்தேழு வருடங்கள். கௌரவம், மதிப்பு என்ற இரண்டு அழகான சொற்களைக் கொடுத்து, சம்பளம் என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

தமிழும் இதில் கொஞ்சம் உதவி செய்திருக்கிறது. 'பணி' என்றால் வேலை. 'பணி' என்றால் குனி. அரசுப் பணி, ஆசிரியப் பணி, செவிலியர் பணி என்று சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டாவது அர்த்தம் பெண்களுக்கு மட்டும் சத்தமாகக் கேட்கிறது. இன்னொரு பக்கம் 'மேலாண்மை'. அதற்குள் ஆண்மை உட்கார்ந்திருக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் உடனே திருத்துவார்கள்: அது 'ஆள்' என்ற வேரிலிருந்து வந்தது, ஆணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. சரி. எந்த அலுவலகத்திலாவது நுழைந்து, யார் ஆள்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் ஆண்மை என்ற கருத்தையே அழிக்க வேண்டும் என்று எழுதியதை வெறும் சொல் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

'இந்த வேலைக்காகவே பிறந்தவர்' என்று சிலரைச் சொல்கிறோம். உள்ளிருந்து ஏதோ ஒன்று கூப்பிட்டது, அவர் போனார் என்கிறோம். யாரைக் கூப்பிடுகிறது, எதற்குக் கூப்பிடுகிறது? பெண்களை நோயாளியின் கட்டிலுக்கும் குழந்தையின் பலகைக்கும் கூப்பிட்டதாகச் சொல்வார்கள். மருத்துவமனையின் வரவு செலவுக்கும் பள்ளியின் நிர்வாகத்துக்கும் அது பெண்களைக் கூப்பிட்டதாக யாரும் சொல்வதில்லை. கூப்பிட்டாலும் நமக்குக் கேட்பதற்கு நேரம் இருக்காது. 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்கிறவர்களிலும் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். தினமும் ஐந்து மணி நேரம் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும் காதில் வேறு எந்தக் குரல் விழும்?

குரலைத் தெளிவாகவே கேட்டவர்களையும் வாசலில் நிறுத்தினார்கள். அன்னா ராஜம் 1951இல் ஐ.ஏ.எஸ். தேர்வானவர், அந்தப் பணிக்கு வந்த முதல் பெண். நேர்காணலிலேயே, பெண்களுக்குப் பொருத்தமானவை என்று வெளியுறவுப் பணியையும் மற்ற மத்தியப் பணிகளையும் காட்டினார்கள். அவர் மாட்டேன் என்றார். நியமன உத்தரவில் திருமணம் செய்தால் வேலை போய்விடும் என்று ஒரு வரி இருந்தது. சென்னை மாநிலத்துக்கு வந்தால், முதலமைச்சர் ராஜாஜி அவரை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பத் தயங்கி, தலைமைச் செயலகத்தில் ஒரு நாற்காலி தருகிறேன் என்றார். குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் பயின்றுவிட்டு வந்த பெண் அவர். வாதாடி, அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூருக்கு சப் கலெக்டராகப் போனார். முத்தம்மா 1949இலேயே வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். திருமணம் செய்ய அரசிடம் பெண் அதிகாரி அனுமதி வாங்க வேண்டும், குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் விலகச் சொல்லலாம் என்ற விதியோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளில் இருந்த பாரபட்சத்தைச் சாடினார்.

அந்த விதிகள் இன்று காகிதத்தில் இல்லை. அதனால்தான் நம்மையே எழுதித் தரச் சொல்கிறார்கள். அன்னா ராஜத்துக்கு அரசு எழுதிய வரியை நான் என் கையால் எழுதிக் கொடுத்தேன், அதுவும் இரண்டு முறை.

மூன்றாவது முறை, 2009இல், எழுதவில்லை. ஞானோதயம் ஒன்றும் வரவில்லை. எங்கள் கிளைக்கு எட்டு வருடத்தில் நான்கு மேலாளர்கள் வந்திருந்தார்கள். நான்கு பேரும் முதல் மாதம் என் மேஜைக்கு வந்து, "மேடம், இங்கே இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள். நான்காவது ஆள் என்னைவிட ஏழு வயது சின்னவர். அவருக்கு ஒரு கடன் கோப்பை விளக்கிக்கொண்டிருந்தபோது உறைத்தது: வேலை என்னுடையது, கையெழுத்து இவருடையது. அன்றைக்கு வந்த எரிச்சலைத்தான் நான் அழைப்பு என்கிறேன். நம் ஊர்ப் பெண்களுக்கு அது பெரும்பாலும் எரிச்சல் வடிவில்தான் வரும். அதை அடக்குவதற்கே பழகியிருப்பதால், அது என்னவென்று அடையாளம் தெரியாமல் போகிறது.

"பெரியவ பத்தாவது படிக்கிறா, இந்த நேரத்துலயா போற?" என்றார் கணவர். எந்த நேரமும் இந்த நேரம்தான். ஒருத்தி பத்தாவது முடித்தால் இன்னொருத்தி எட்டாவது இருப்பாள். மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. நான் போனேன். இரண்டு வருடம் அதிகாரியாக இருந்துவிட்டு, 2012இல் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய கிளைக்கு மேலாளரானேன்.

மாதத்தின் முதல் வாரம் அந்தக் கிளை வாசலில் முதியோர் உதவித்தொகை வாங்க நூறு பேர் வரை நிற்பார்கள். பெரும்பாலும் பாட்டிகள். தொகை அப்போது ஆயிரம் ரூபாய். விடியற்காலையில் வந்து வெயிலில் நிற்க வேண்டும். பணம் எடுக்கும் சலானை நிரப்பித்தர வெளியே ஒரு பையன் ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்குவான். சேலத்தில் பதினெட்டு வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இதே காட்சியைப் பார்த்தவள் நான். அங்கே நின்றவர்கள் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைகள். எனக்கு இரக்கம் உண்டு. சிலரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பேன், முடிந்தால் சலான் நிரப்பிக் கொடுப்பேன். அதற்காக எல்லோரும் என்னை நல்ல மனசுக்காரி என்றார்கள். பதினெட்டு வருடமும் அந்தப் பெண்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

மேலாளரான இரண்டாவது மாதம் நான்கு பெஞ்சு வாங்கிப் போட்டேன். டோக்கன் கொடுக்கச் சொன்னேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு கவுண்டர் அவர்களுக்கு மட்டும். சலான் நிரப்ப எங்கள் ஆள் ஒருவர். அந்தப் பையனை வரச் சொல்லி, வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மொத்தமும் என் அதிகாரத்துக்குள் அடங்கிய செலவு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்த ஒரு பாட்டி, "இது எங்களுக்கா கண்ணு?" என்று இரண்டு முறை கேட்டார். என் பதினெட்டு வருட இரக்கத்தால் ஆகாததை என் ஒரு கையெழுத்து ஒரே காலையில் செய்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தர்மபுரி, மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக 1989இல் தொடங்கிய மாவட்டம். அங்கேயே ஒரு குழுவுக்கு இரண்டு வருடமாகக் கடன் கிடைக்கவில்லை. இரண்டு உறுப்பினர்களின் கணவர்கள் வாங்கிய பழைய கடன் நிலுவையில் இருந்ததுதான் காரணம். புருஷன் கட்டாத கடனுக்காக இருபது பெண்களுக்குக் கதவை மூடியிருந்தார்கள். குழு தன் கடனைச் சரியாகக் கட்டிவரும்போது, உறுப்பினரின் குடும்பத்தாருடைய நிலுவையைக் காட்டிக் குழுவுக்குக் கடன் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். அது எல்லா மேலாளர் மேஜைக்கும் வந்த சுற்றறிக்கைதான். குழுவின் ஊக்குநர் நோட்டுப் புத்தகங்களோடு வந்தார். ஐந்து வருடக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகவில்லை. நாள் கூலிக்குப் போகும் பெண் எழுதிய கணக்கு அது. இதற்குப் பெயர் நிர்வாகம் இல்லையென்றால் வேறு எது நிர்வாகம்? கடனுக்கு ஒப்புதல் போட்டேன்.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. இதை எழுதும்போது இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சமைக்கப் பிடிக்கும், குழந்தைகளைப் பிடிக்கும் என்று சொல்லும்போது ஒரு பெண்ணுக்கு வராத கூச்சம், 'முடிவெடுக்கப் பிடிக்கும்' என்று சொல்லும்போது வந்துவிடுகிறது. காலையில் இரண்டு சாவி சேர்த்துப் பாதுகாப்பு அறையைத் திறப்பது, எட்டுப் பேரின் வேலையைப் பிரிப்பது, கெட்ட செய்தியை நேராகச் சொல்வது, தப்பு நடந்தால் என் பெயரில் எடுத்துக்கொள்வது, எல்லாமே பிடித்திருந்தது. இதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று என் நாற்பத்தைந்தாவது வயதில் தெரிந்துகொண்டேன். முப்பத்தைந்தில் தெரிந்திருக்கலாம். அந்தப் பத்து வருடம்தான் அந்தக் கோப்பில் இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்தே எதிர்ப்பு வரும் என்று தெரியும். நாற்காலியில் ஆள் மாறினால் நாற்காலி மாறிவிடுமா? பெண் முதலாளி குறைந்த கூலி கொடுக்க மாட்டாளா? நியாயமான கேள்விகள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. முதலாளிகளில் பலர் மனைவியையும் மகளையும் அந்த இடத்தில் உட்கார வைத்துக் கணக்கை முடித்தார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குத் தமிழ்நாடு ஐம்பது சதவீதம் ஒதுக்கிய பிறகும் 'பிரசிடெண்ட் புருஷன்' என்று ஒரு பதவி ஊருக்கு ஊர் இருக்கிறது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். என்னைப் பார்த்து 'பதவி ஆசை' என்றவர்கள், அவரைப் பார்த்து நாற்காலியே இல்லை என்றார்கள். பெண் என்ற ஒரே சொல்லால் இந்த இரண்டையும் மூடிவிட முடியாது.

நானும் ஒழுங்கு இல்லை. ஒரு மார்ச் மாதக் கடைசியில், கணக்கு முடிக்கும் நேரம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்ட இளம் பெண்ணிடம், "நாங்களெல்லாம் அந்தக் காலத்துல லீவா போட்டோம்?" என்று கேட்டவள் நான். அந்தக் குரல் என் பழைய மேலாளர்களுடையது. அவள் அழவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு ஒவ்வொரு மேஜையின் வேலையையும் இரண்டு பேருக்காவது தெரிய வைத்தேன். ஒருத்தி லீவு போட்டால் நின்றுபோகும் கிளையில் தப்பு அவளுடையதில்லை, அந்தக் கிளையை நடத்துகிறவருடையது. அவளிடம் மன்னிப்பும் கேட்டேன், தாமதமாக. நான் ஊர் மாறிப் போனபோது என் வீட்டில் சமைத்தது ஒரு பெண்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. அவருக்கு லீவு உண்டா, சம்பள உயர்வு உண்டா என்று முதல் வருடம் நான் யோசிக்கவே இல்லை. ஆபீசில் அதிகாரியாவதற்கு முன்பே வீட்டில் ஒருவருக்கு நான் அதிகாரிதான்.

ஆகவே நாற்காலியே போதும் என்று நான் சொல்லவில்லை. நாற்காலி வேண்டாம் என்று ஒதுங்குவது தூய்மை என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். நாம் ஒதுங்கினால் அது காலியாக இருக்காது. சேலத்தில் எனக்குப் பதிலாக உட்கார்ந்த நான்கு பேரும் கெட்டவர்கள் இல்லை. வெயிலில் நின்ற விதவைகள் அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பட்டவளிடம் கையெழுத்து இல்லை.

'வேலையை நேசி' என்று இன்று கம்பெனிகள் சொல்வதையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நேசிப்பவளுக்கு ஓவர்டைம் தர வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. அங்கன்வாடிக்குக் கொடுத்த 'கௌரவம்'தான் ஐ.டி. கம்பெனியில் 'பேஷன்' என்ற பெயரில் வருகிறது. உங்கள் வேலை உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். அதனால் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையத் தேவையில்லை.

இந்திரா நூயி சொன்ன பால் கதை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பெப்சிகோவின் பிரசிடெண்ட் ஆகப்போகும் செய்தியோடு இரவில் வீட்டுக்கு வருகிறார். அம்மா, முதலில் போய்ப் பால் வாங்கி வா என்கிறார். கணவர் முன்னமே வீட்டுக்கு வந்திருக்கிறார், ஆனால் களைப்பாக இருக்கிறாராம். பாலோடு திரும்பிய மகளிடம், கிரீடத்தை வண்டி நிறுத்தும் இடத்திலேயே விட்டுவிட்டு வா என்கிறார் அம்மா. சென்னைப் பெண்ணின் அடக்கம் என்று இதைக் கைதட்டிப் பகிர்கிறோம். எனக்கு அந்தக் கதையில் ஒரே கேள்விதான்: பால் ஏன் அவர் வரும்வரை காத்திருந்தது? கிரீடத்தோடு வீட்டுக்குள் வந்த எந்த ஆணையாவது திருப்பி அனுப்பியிருக்கிறோமா?

கல்லூரியில் இருக்கும், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வருடமே, எந்தப் பதவிக்கு எவ்வளவு அதிகாரம் என்று விதிப் புத்தகத்தில் படித்து வையுங்கள். உங்களிடம் வேலை கற்றுக்கொண்டு மேலே போனவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் சமையல் யார், பிள்ளை யார் என்ற பேச்சை உத்தரவு வந்த பிறகு தொடங்காதீர்கள், திருமணத்துக்கு முன்பே தொடங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் யார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் வேலை செய்பவரிலிருந்து அந்தக் கணக்கை ஆரம்பியுங்கள்.

ஒரு நாள் உங்களையும் யாராவது 'பதவி ஆசை' என்பார்கள். மறுக்காதீர்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். பதவியால் என்னென்ன செய்ய முடியும் என்று தெரிந்தவர்களுக்கு அதன்மேல் ஆசை வரத்தான் செய்யும்.

பட்டியலில் உங்கள் பெயர் வரும். 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன்னால், அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது யாருடைய சொந்தம் என்று குறியுங்கள். நான் 2001இல் அப்படி எழுதிப் பார்த்திருந்தால், அந்தப் பட்டியலில் எனக்குச் சொந்தமானது ஒன்றுகூட இருந்திருக்காது.